மூன்றாம் பதிப்பை ஏன் போடக்கூடாது

பாலையூற்று இராசமலருக்கு முதல் வேலை போனது ஒரு கேள்வியால்தான்.

திருகோணமலை நகரத்தில் ஓர் அரச அலுவலகத்தில் அவள் தற்காலிகத் தட்டெழுத்தாளராக இருந்தாள். சண்டைக் காலத்தில் அந்த அலுவலகத்தின் பிரதான உற்பத்தி அறிவித்தல்தான். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, வீதி மூடப்பட்டது, கடற்றொழில் அனுமதி நிறுத்தப்பட்டது, நிறுத்தப்பட்ட அனுமதி பற்றிய முன்னைய அறிவித்தல் மீளப் பெறப்பட்டது. எல்லாவற்றிலும் ஒரே சொற்றொடர் இருந்தது: தவிர்க்க முடியாத காரணங்களால். அதை இராசமலர் கண்ணை மூடிக்கொண்டே அடிப்பாள். ஒருநாள் கண்ணைத் திறந்து பிரதம லிகிதரிடம் கேட்டாள்.

"சேர், என்ன காரணம் எண்டு போடாட்டி சனம் திரும்பவும் வந்து கேக்குமே?"

"கேக்கட்டும். கேட்டா இந்த அறிவித்தலைக் காட்டு."

"அதில காரணம் இல்லையே சேர்."

"அதாலதான் பிள்ளை காட்டச் சொல்லுறன்."

அடுத்த முறை தற்காலிக நியமனங்கள் நீடிக்கப்பட்டபோது அவளுடையது மட்டும் நீடிக்கப்படவில்லை. காரணம் கேட்டாள். நிர்வாகக் காரணம் என்றார்கள்.

இப்படியாக அவள் மத்திய வீதியில் இருந்த "அபூதாஹிர் அன் சன்ஸ்" கடைக்கு வந்து சேர்ந்தாள். அபூதாஹிருக்கு மகன்மார் இல்லை, மூன்று மகள்மார். பெயர்ப்பலகை ஒரு நம்பிக்கையில் எழுதப்பட்டது. கடையும் அப்படித்தான். போட்டோக்கொப்பி எடுப்பார்கள், அடையாள அட்டைக்குப் படம் பிடிப்பார்கள், சான்றிதழ்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுப்பார்கள். சுனாமி வந்து, சுனாமிக்குப் பின்னால் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வந்து, அவர்களுக்குப் பின்னால் கொம்பியூட்டர் தேவை வந்தபோது, பலகையின் அடியில் "மென்பொருள் தயாரிப்பாளர்" என்று ஒரு வரியும் சேர்ந்தது.

அந்த ஒரு வரியைக் காப்பாற்றியவன் ஆனந்தராசா. கொழும்பில் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவன். வேகமான மூளை, குறைந்த பேச்சு. அவன் எழுதிய மென்பொருளின் பெயர் "பங்கீடு". நிவாரணக் களஞ்சியம் ஒன்றில் எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர், அவர்களுக்கு எவ்வளவு அரிசி, மா, பருப்பு, சீனி என்று கணக்குப் பார்த்து அட்டை அடித்துத் தரும். ஒரு தொண்டு நிறுவனம் அதை விரும்பி, கிண்ணியா, கப்பல்துறை, புல்மோட்டை, நகரத்தில் இரண்டு இடங்கள் என்று ஐந்து களஞ்சியங்களில் பொருத்தச் சொன்னது.

இணையம் அந்த நாட்களில் தான் நினைத்தால்தான் வரும். கைத்தொலைபேசியைப் பாதுகாப்புக்காக அடிக்கடி நிறுத்திவிடுவார்கள். ஆகவே புதிய பதிப்பு ஒன்று தயாரானால் அதை சீடியில் பதிந்து வான் வண்டியில் அனுப்ப வேண்டும். என்ன மாறியிருக்கிறது என்று களஞ்சியக்காரருக்குச் சொல்ல, சீடியோடு ஒரு தாளும் போகும். அதற்கு மாற்றக் குறிப்பு என்று பெயர். எழுதுவது இராசமலர்.

காரணமே இல்லாமல் இத்தனை வருடம் தட்டச்சுச் செய்தவளுக்கு அந்தத் தாள் பெரிய விடுதலையாக இருந்தது. இரண்டாம் பதிப்புக்கு அவள் எழுதினாள்: "எழுத்துகள் பெரிதாக்கப்பட்டுள்ளன. காரணம்: கிண்ணியாப் பொறுப்பாளருக்குக் கண் தெரியவில்லை." கிண்ணியாப் பொறுப்பாளர் முனாப் இரண்டு கிழமை அவளோடு கதைக்கவில்லை. அவருக்கு நாற்பத்தொரு வயதுதான், வீட்டில் இரண்டாவது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கண் விசயம் தெரியாது.

"காரணம் எழுதச் சொன்னா ஆளைக் காட்டிக் குடுக்கிறாய் புள்ள" என்றார் அவள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் அபூதாஹிர்.

"உள்ளதைத்தானே நானா எழுதினனான்."

"உள்ளதை எழுதத்தான் அரசாங்கக் கச்சேரியும் பொலிஸும் இரிக்கே. நாம யாவாரிகள்."

மூதூர்ப் பக்கம் சண்டை மூண்ட வருடத்தில் களஞ்சியங்களில் கூட்டம் பெருகியது. ஒரே ஆள் இரண்டு தரம் பதிந்து இரண்டு பங்கு எடுக்கிறார் என்று தொண்டு நிறுவனத்து வெள்ளைக்காரருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அதைத் தடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். ஆனந்தராசா ஒரே மூச்சில் மூன்றாம் பதிப்பை எழுதினான். ஒரு பெயர் இரண்டாவது தரம் வந்தால், முதலாவதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடும். இராசமலர் தன் வீதியில் உள்ள எல்லோருடைய பெயர்களையும் போட்டுச் சோதித்தாள். திறமாக வேலை செய்தது. சீடிகள் வானில் ஏறின.

நாலாம் நாள் கடைத் தொலைபேசி அடித்தது. கிண்ணியாவிலிருந்து முனாப்.

"ராசமலர் தங்கச்சியா? இஞ்ச சனம் கொறஞ்சி போச்சி."

அந்த நாளில் அப்படி ஒரு செய்தியைத் தொலைபேசியில் கேட்டால் யாரும் ஒன்றைத்தான் நினைப்பார்கள்.

"என்ன நானா, ஷெல்லா?"

"ஷெல் இல்ல. ஒங்கட சீடி."

கிண்ணியாவில் முஹம்மது தம்பி என்ற பெயரில் ஏராளமானவர்கள் இருந்தார்கள். முதலெழுத்தும் அநேகமாக ஒன்றுதான். மூன்றாம் பதிப்பு அவர்கள் எல்லோரையும் ஒரே ஆளாக்கி, எல்லோருடைய பிள்ளைகளையும் அவர் அட்டையில் ஏற்றி, பங்கை மட்டும் ஒருவருக்குரியதாக விட்டிருந்தது. "அந்த ஒருத்தருக்கு இப்ப முப்பத்தொரு புள்ளையள்" என்றார் முனாப். "மனுசன் அட்டையப் பாத்துப் போட்டு பொஞ்சாதிக்கிட்டக் காட்டாதீங்க எண்டு அழுறார். மத்த முஹம்மது தம்பிமார் வாசல்ல நிக்கிறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

ஆனந்தராசா கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தான். பிழை அவன் நினைத்ததைவிடப் பெரியது. பெயர்கள் அட்டையில் மட்டும் விடுபடவில்லை, பதிவிலிருந்தே போயிருந்தன. பழைய சீடியைத் திரும்பப் போட்டாலும் போன பெயர் வராது. மாத முடிவில் பதிவைப் பிரதி எடுத்து வைத்திருந்தால் அதிலிருந்து மட்டும்தான் மீட்கலாம்.

"மூண்டாம் பதிப்பைத் திருப்பி எடுக்க வேணும் அக்கா" என்றான். "இப்பவே எல்லாருக்கும் சொல்ல வேணும்."

அபூதாஹிர் உடனே சம்மதித்தார். மனம் நல்லது அவருக்கு. சொல்லும் முறையில்தான் இழுபறி வந்தது.

"தொழில்நுட்பக் காரணங்களால் மீளப் பெறப்படுகிறது எண்டு போடு புள்ள. மரியாதையா இரிக்கும்."

"மரியாதையா இருக்கும் நானா. விளங்காது."

"விளங்காததுக்குத்தான் மரியாதை. ரெண்டு கொப்பி எடுத்தா ஒண்டு இலவசம் எண்டு எழுதினன், அது எல்லாருக்கும் விளங்கிச்சி. ஆரும் மரியாதை தந்தாங்களா?"

இராசமலர் கேட்கவில்லை. வருடக்கணக்காக எழுதாமல் விட்ட காரணங்கள் எல்லாம் அவள் கையில் வந்து இறங்கின. குறிப்பு நான்கு பக்கம் வந்தது. அதன் தொடக்கம் இது:

"பங்கீடு மென்பொருள் பொதி மூன்று மீளப் பெறப்படுகிறது. இந்தப் பொதியை இயக்க வேண்டாம். இயக்கினால் ஒரே பெயருள்ள குடும்பங்களில் ஒன்று மட்டும் மிஞ்சும், மற்றவை அழிக்கப்படும். கிண்ணியாவில் பொதி இயக்கப்பட்டதால் பல குடும்பங்கள் அழிந்துள்ளன. உங்கள் களஞ்சியத்திலும் இயக்கப்பட்டிருந்தால், பழைய பொதிக்குத் திரும்புவதால் மட்டும் அழிந்தவர்கள் மீண்டு வரமாட்டார்கள்."

கடைசிப் பக்கத்தில் பொறுப்பாளிகள் என்று ஒரு பகுதி. "எழுதியவர்: ஆனந்தராசா. உலகத்தில் ஒரு பெயருக்கு ஓர் ஆள்தான் என்று எண்ணினார். சோதித்தவர்: இராசமலர். பாலையூற்றில் தன் வீதிப் பெயர்களைக் கொண்டு மட்டும் சோதித்தார். அந்த வீதியில் ஒரே பெயரில் இருவர் இல்லை."

தன் பெயரையும் போட்டிருந்ததால் ஆனந்தராசா தன்மீது கோபிக்க ஏலாது என்று அவள் நினைத்தாள். அவன் கோபித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனான்.

தாள்களோடு புறப்பட்ட வான் முதலாவது சோதனைச் சாவடியைத் தாண்டவில்லை. வான்காரன் தாள்கள் இல்லாமல், முகத்தில் இரத்தமும் இல்லாமல் திரும்பி வந்தான். அடுத்த நாள் காலை துறைமுகப் பக்கம் இருந்த ஒரு பாதுகாப்பு அலுவலகத்துக்கு முதலாளியும் தாளை எழுதியவரும் வர வேண்டும் என்று செய்தி.

அந்தக் காலத்தில் திருகோணமலையில் பொதி என்றால் தெருவோரத்தில் உரிமையாளர் இல்லாமல் கிடப்பது. கண்டால் தள்ளி நிற்க வேண்டும். இயக்கம் என்றால் ஒன்றுதான், பெயர் சொல்லத் தேவையில்லை. களஞ்சியம் என்றாலும் அரிசி மட்டும் நினைவுக்கு வருவதில்லை. இத்தனையும் ஒரே தாளில், அதுவும் கிண்ணியாவில் அழிந்த குடும்பங்களோடு, கையொப்பமும் முகவரியும் இட்டு வந்திருந்தது. இதற்கு முன் யாரும் சாவடிக்காரருக்கு இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர், அமைதியானவர். பக்கத்தில் ஒரு சார்ஜன். தமிழ் வகுப்புக்குப் போனவர் என்பதால் மாவட்டத்தில் பிடிபடும் தமிழ்த் தாள் எல்லாம் அவர் தலையில்தான் விழும். நான்கு பக்கத்தையும் சிங்களத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, விடியும் வரை முழித்திருந்தவர்போல் இருந்தார். அதிகாரி சிங்களத்தில் கேட்க, அவர் தமிழில் சொன்னார்.

"எந்த இயக்கம்?"

"இயக்கம் இல்லை சேர், இயக்கிறது. கொம்பியூட்டரில போடுறதைத்தான் அப்பிடி எழுதினனான்."

"பொதி எங்க?"

"பொதி எண்டது சீடி, சேர்."

"செத்த குடும்பங்கள்?"

"ஒருத்தரும் சாகேல்லை. கிண்ணியாவில அவையவையின்ர வீட்டில இருக்கினம்."

சார்ஜன் இதைச் சொல்ல, அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "அழிந்தவர்கள் வீட்டில் இருக்கிறார்களா?"

"ஓம் சேர். சாப்பாடுதான் இல்லை."

அபூதாஹிர் முன்னால் வந்து, தான் போட்டோக்கொப்பி மட்டும்தான் எடுத்தவர் என்று மூன்று மொழியிலும் சொன்னார்.

வாயால் விளக்குவது முடியாத காரியம் என்று இராசமலருக்குத் தெரிந்தது. மேசையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. மூன்றாம் சீடி ஒன்றையும் அவள் கைப்பையில் கொண்டுவந்திருந்தாள். போட்டுக் காட்டவா என்று கேட்டாள். அதிகாரி யோசித்து, சார்ஜனை விட்டுத் தன் ஆட்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னார். அந்த அணியில் பண்டார என்று நான்கு பேர், முதலெழுத்தும் ஒன்றாக, நான்கு காவலரண்களில் நின்றார்கள். பொத்தானை அழுத்தியதும் ஒரு பண்டார மிஞ்சினார்.

அதிகாரி திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"மற்ற மூன்று பேரும்?"

"இவருக்குள்ள போயிட்டினம் சேர்."

"சம்பளம்?"

"அதுவும் ஒண்டுதான் வரும்."

சார்ஜனின் முகம் மாறியது. விசயம் முழுதாக விளங்கிய முகம். அவருடைய பெயரும் பண்டாரதான்.

அவர்களை விட்டுவிட்டார்கள். ஆனால் தாள் அப்படியே போக ஏலாது. பொதி, இயக்கம், அழிவு, களஞ்சியம் ஆகிய சொற்கள் இல்லாமல் எழுதித் தர வேண்டும், அலுவலகம் திருத்தி முத்திரை குத்தும், பிறகு கொண்டுபோகலாம். இராசமலர் அதே நான்கு பக்கத்தைச் சொற்களை மாற்றி எழுதிக் கொடுத்தாள். திருத்தும் இடத்தில் பலர் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தனக்குச் சந்தேகமான ஒரு வசனத்தை எடுத்தார். கடைசியில் யாருக்கும் சந்தேகம் வராத ஒரு வசனம் எஞ்சியது:

"பங்கீடு மூன்றாம் பதிப்புத் தொடர்பாக உரிய கவனம் செலுத்துமாறு சம்பந்தப்பட்ட அனைவரும் இத்தால் அறிவிக்கப்படுகின்றனர்."

அடியில் பெரிய வட்ட முத்திரை. அபூதாஹிருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "இதுதான் அறிவித்தல்" என்று சொல்லி ஐந்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டார். ஒன்றைக் கூடுதலாக எடுத்துக் கடைச் சுவரில் மாட்டினார்.

இராசமலர் எதிர்த்துப் பேசினாளா என்றால், பேசவில்லை. அந்த அலுவலகத்தின் மர வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த காலைப் பொழுது அவள் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை. ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

அது போய்ச் சேர்ந்தது. கப்பல்துறைப் பொறுப்பாளர் பாக்கியரத்தினம் ஓய்வுபெற்ற தபால் அதிபர், முத்திரைக்கு மதிப்புத் தெரிந்தவர். மூன்றாம் பதிப்பு சீடியை இதுவரை அவர் மேசை லாச்சியில் போட்டு மறந்திருந்தார். "உரிய கவனம்" என்று படித்ததும் தான் பெரிய அசட்டை செய்துவிட்டதாகப் பயந்து, கொம்பியூட்டரைத் துடைத்து, சாமிப் படத்துக்கு ஒரு தரம் கும்பிட்டு, அன்றைக்கே அதைப் பொருத்தினார். கப்பல்துறையிலும் சனம் குறைந்தது. நகரத்துக் களஞ்சியம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்து, உரிய கவனம் என்றால் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போனார். புல்மோட்டையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த கிழமை மதியம் இரண்டு பெண்கள் கடைக்குள் வந்தார்கள். கிண்ணியாவிலிருந்து பாதை என்ற மிதவைப் படகில் ஏறித் துறை கடந்து, மூன்று சாவடியில் இறங்கி ஏறி வந்தவர்கள். ஒருத்தி நெட்டை, மற்றவள் வயதானவள். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடைவெளி. நெட்டையானவள் ஓர் அட்டையை மேசையில் வைத்தாள்.

"இதுல இரிக்கிற சுபைதா ஆரு எண்டு கேக்க வந்த."

"நீங்கள் ஆர்?"

"நான் சுபைதா."

"நானும் சுபைதாதான்" என்றாள் மற்றவள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நாங்க ரெண்டு பேரும் ஆறு மாசமாப் பேச்சில்ல" என்றாள் நெட்டைச் சுபைதா. "அவட ஆடு எண்ட மரவள்ளியத் திண்டிச்சி. இப்ப நாங்க ஒரே ஆளாம். முனாப் காக்கா சொல்றார், கொம்பியூட்டர் சொல்லுதாம். ஒரு பங்குதான் வந்தது. பேசாம எப்பிடிப் பிரிக்கிற? எண்ட மகன நடுவுல வெச்சி, தேத்தண்ணிக் கோப்பையால அளந்து பிரிச்சம்."

இராசமலருக்குச் சிரிப்பு வந்தது. ஆனந்தராசாவும் திரும்பிச் சிரித்தான். வயதான சுபைதா சிரிக்கவில்லை. அவளுடைய கணவன் கடலில் இறந்துபோனவர், நான்கு பேத்திகளோடு இருக்கிறாள்.

"ஒரு விசயம் கேக்கணும் மகள்" என்றாள். "எங்கட பேர ஏன் வெட்டின? நாங்க என்ன குத்தம் செஞ்ச? மூதூர்ல எண்ட தங்கச்சி குடும்பம் வந்து ரெண்டு நாள் தங்கின. அதாலயா? ஆரும் எழுதிக் குடுத்திட்டாங்களா?"

"ஐயோ, இல்லையம்மா. அது மெசின்ர பிழை. எங்கட பிழை."

"பிழையா?"

"ஓம். ஒரே பேர் எண்டபடியா சேர்த்துப் போட்டுது. வேறொண்டும் இல்லை."

வயதானவள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அத ஒரு ஆளும் சொல்லல்லயே" என்றாள். "நான் பேத்திகள வெளிய விடாம வெச்சிருக்கன்."

நெட்டைச் சுபைதா ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தரமாக அவளோடு நேரே கதைத்தாள். "அழாதீங்க மச்சி. பிழையாம்."

அவர்கள் போன பிறகு இராசமலர் பழைய நான்கு பக்கத்தை எடுத்துத் திரும்பப் படித்தாள். தாளை வாசிப்பது முனாபும் பாக்கியரத்தினமும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். அதற்கும் அப்பால் வாசலில் நிற்பவர்களை அவள் நான்கு பக்கத்தில் ஒரு வரியில்கூட நினைக்கவில்லை. ஆனந்தராசாவின் பிழையை விவரிக்க ஒரு பந்தி முழுதாகச் செலவழித்திருந்தாள்.

அன்று பின்னேரம் புதிதாக எழுதினாள். ஒரே பக்கம்.

"மூன்று என்று இலக்கம் போட்ட சீடியைக் கொம்பியூட்டரில் போட வேண்டாம். அதில் பிழை இருக்கிறது. ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தால், ஒருவரை வைத்துக்கொண்டு ஒன்பது பேரின் பெயரை எடுத்துவிடுகிறது.

இன்னும் போடாதவர்கள் இரண்டாம் சீடியோடு இருங்கள்.

போட்டுவிட்டவர்கள் இரண்டாம் சீடிக்குத் திரும்பினால் மட்டும் போதாது. போன பெயர் அதில் வராது. மாத முடிவில் எடுத்து வைத்த பிரதியிலிருந்து பெயர்களைத் திரும்ப எடுக்க வேண்டும். பிரதி இல்லாவிட்டால் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.

பெயர் விடுபட்ட சனத்துக்குக் கட்டாயம் சொல்லுங்கள்: இது அவர்களுடைய குற்றம் இல்லை, அவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. பிழை எங்களுடையது."

ஆனந்தராசா தோளுக்குப் பின்னால் நின்று படித்தான்.

"என்ர பேரைப் போடேல்லையே அக்கா?"

"சனத்துக்கு உன்ர பேர் என்னத்துக்கு? தங்கட பேர் கிடைச்சாக் காணும்."

அபூதாஹிருக்குக் கடைசி வரிதான் இடித்தது. "பிழை எங்கட எண்டு எழுதினா அடுத்த முறை ஆரு வேலை தருவாங்க?" என்றார். ஆனால் இரண்டு சுபைதாமாரும் வந்தபோது அவரும் கல்லாவில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கொஞ்ச நேரம் விரல்களால் மேசையில் தட்டினார். "என்னமும் செய். பிளாஸ்டிக் உறை போட மாட்டன்" என்று முடித்தார்.

இந்த முறை அவள் தானே தாளை எடுத்துக்கொண்டு துறைமுகப் பக்க அலுவலகத்துக்குப் போனாள். யாரும் கூப்பிடாமல் அந்த வாசலுக்கு வந்தவள் என்பதால் காவலுக்கு நின்றவர் அவளை இரண்டு தரம் சோதித்தார். சார்ஜன் தாளை வாங்கி, உதடு அசைய மெதுவாகப் படித்தார். அகராதியைத் தொடவில்லை.

"இது எனக்கு விளங்குது" என்றார், ஆச்சரியத்தோடு.

அதிகாரிக்கு அவர் சிங்களத்தில் படித்துக் காட்டினார். கடைசி வரியில் அதிகாரி கையை உயர்த்தினார்.

"பிழை என்று நீங்களே ஏன் சொல்கிறீர்கள்? மீளப் பெறுகிறோம் என்று சொன்னால் போதாதா? நாங்கள் எதையும் திருப்பி எடுக்கும்போது காரணம் சொல்வதில்லை. ஒரு பிரச்சினையும் வருவதில்லை."

சார்ஜன் மொழிபெயர்த்துவிட்டு அவளைப் பார்த்தார். பார்த்துப் பதில் சொல் என்ற பார்வை.

"சொல்லாட்டி திரும்பவும் போடுவினம் சேர்" என்றாள் அவள். "கப்பல்துறையில போட்டினம். முத்திரை இருந்ததாலதான் போட்டினம்."

அதிகாரி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "இதற்கு முத்திரை தேவையில்லை" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். அதிகாரம் செய்த உதவிகளில் அதுவே பெரியது என்று இராசமலர் பிறகு சொல்வாள்.

தாள் போன இடமெல்லாம் வேலை செய்தது. பாக்கியரத்தினம் தபால் அதிபர் பழக்கத்தில் மாதப் பிரதியைத் திகதி போட்டுப் பெட்டகத்தில் வைத்திருந்தார். ஒரு மணித்தியாலத்தில் கப்பல்துறைச் சனம் முழுதும் திரும்பி வந்தது. புல்மோட்டையிலிருந்து பதில் வந்தது: அவர்கள் மூன்றாம் சீடியைப் போடவே இல்லை, களஞ்சியத்தில் இரண்டு மாதமாகக் கரண்ட் இல்லை.

கிண்ணியாவில்தான் சிக்கல். முனாப் தன் பிரதி இருந்த சீடியைக் காகங்களை விரட்ட வயலில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். "பளபளப்பா இரிந்திச்சி" என்றார். வெயிலில் அது வெளுத்துப் போயிருந்தது. ஆகவே சொன்னபடி இராசமலரும் ஆனந்தராசாவும் பாதையில் துறை கடந்து போய், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கொம்பியூட்டரை வைத்துப் பெயர்களைத் திரும்பப் பதிந்தார்கள். முஹம்மது தம்பிமார் எல்லோரும் ஒரே நாளில் வந்தார்கள். தாங்கள் இத்தனை பேர் என்று அவர்களே அதுவரை அறிந்திருக்கவில்லை. வாப்பா பெயரும் போதாமல் போய், துறையடி முஹம்மது தம்பி, மாட்டு முஹம்மது தம்பி, சவூதிக்குப் போய் வந்த முஹம்மது தம்பி என்று பதிந்தார்கள். முப்பத்தொரு பிள்ளைகளின் தகப்பன் தனக்கு ஐந்துதான் என்று எல்லோர் முன்னிலையிலும் உரத்துச் சொல்லி, அட்டையைப் பொஞ்சாதி கையிலேயே கொடுத்தார். இரண்டு சுபைதாமாரும் யார் முதலில் பதிவது என்று வரிசையில் சண்டை பிடித்தார்கள். வயதானவளின் நான்கு பேத்திகளும் மண்டபத்து வாங்குகளில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனந்தராசா நான்காம் பதிப்பில் பெயரை விட்டுவிட்டுக் குடும்பத்துக்கு ஓர் இலக்கம் கொடுத்தான். அதற்கான குறிப்பில் இராசமலர் எழுதினாள்: "இனி இரண்டு சுபைதாக்கள் இருக்கலாம்."

இவ்வளவுக்கும் பிறகு தொண்டு நிறுவனத்தின் தலைமையகத்தில் யாரோ அந்த ஒரு பக்கத்தை மொழிபெயர்த்துப் படித்தார்கள். பிழை எங்களுடையது என்ற வரி அவர்களைப் பதற வைத்தது. இந்தக் கடையின் மென்பொருளில் பிழை இருப்பது எழுத்தில் உறுதியாகியுள்ளது என்று கூறி, வேலையைக் கொழும்பில் ஒரு பெரிய கம்பனிக்குக் கொடுத்தார்கள். அந்தக் கம்பனியின் மாற்றக் குறிப்புகள் எதிலும் பிழை என்ற சொல்லே இல்லை. அபூதாஹிர் கடிதத்தைப் படித்துவிட்டு, நான் சொன்னேன்தானே என்று ஒரு தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொல்லவில்லை. அவளை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை.

கொழும்புக் கம்பனியின் மென்பொருள் அழகான பெட்டியில் வந்தது. கூடவே வழுவழுப்பான தாள்: "பல்வேறு மேம்பாடுகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன." இரண்டு மாதத்தில் இன்னொரு பெட்டி, முன்னைய பெட்டியைத் திருப்பி அனுப்பும்படி. அதற்கும் பல்வேறு மேம்பாடுகள்தான் காரணம். முனாப் தொலைபேசியில் கேட்டார்.

"தங்கச்சி, பழசில என்ன பிழை? எத நான் திருத்தணும்? ஒண்டும் போடல்லயே."

"அது எங்கட மென்பொருள் இல்லை நானா."

"அது தெரியும். ஏன் எண்டு சொல்ற ஆள் நீதானே."

அவளும் ஆனந்தராசாவும் முனாப் அனுப்பிய இரண்டு பெட்டியையும் போட்டுப் பார்த்தார்கள். பழையதில் கைக்குழந்தைகளுக்குப் பால்மா விழவில்லை. வயது ஒன்றுக்குக் கீழே போனால் அது பூச்சியம் என்று எடுத்து, ஆளே இல்லை என்று கணக்குப் பார்த்தது. இராசமலர் அதைக் கையால் எழுதி, எந்தப் பிள்ளைகளுக்கு விடுபட்டிருக்கும், எப்படிப் பார்த்துக் கொடுப்பது என்று சேர்த்து, கடை மெசினில் ஐந்து பிரதி எடுத்தாள். கொப்பிக்கான காசை அபூதாஹிர் எழுதி வைக்கச் சொல்லவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சண்டை முடியும் வரைக்கும், முடிந்து கொஞ்சக் காலத்துக்கும் இது நடந்தது. கொழும்புக் கம்பனியின் ஆள் ஒருவர் ஒருமுறை நேரில் வந்தார். மற்ற மாவட்டங்களில் முறைப்பாடுகள் குவிய, இங்கே மட்டும் இல்லாதது ஏன் என்று பார்க்க வந்தவர். ஒவ்வொரு களஞ்சியத்திலும் கொம்பியூட்டருக்கு மேலே கைப்பட எழுதிய தாள்கள் ஒட்டியிருப்பதைக் கண்டு விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தார். நல்ல பையன்தான். நன்றாகச் சோறு சாப்பிட்டார். தாள்கள் எல்லாவற்றையும் ஒரு பிரதி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் எங்களுக்கே தெரியாது மிஸ்" என்றார். "திருத்திப் போடுறம்."

"திருத்தினா, என்ன திருத்தினது எண்டு தாளில போடுங்கோ."

"அது ஏலாது மிஸ். சட்டப் பகுதி விடாது."

சொன்னபடியே திருத்தினார்கள். அடுத்த பெட்டியில் அவள் எழுதியிருந்த பிழைகளில் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. தாளில், பல்வேறு மேம்பாடுகள்.

இராசமலர் அதை அபூதாஹிருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டு, அவள் எழுதப்போகும் ஐந்து பிரதிக்கென்று கொப்பி மெசினுக்குத் தாள் நிரப்பினார்.